குறுஞ்சோதனையும் பந்தய நாளும்: மதுரைப் பக்கத்து சைக்கிள் வீரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திண்டுக்கல், தேனிப் பக்கங்களிலும் கியர் சைக்கிளில் விடியற்காலையில் பயிற்சிக்குக் கிளம்பும் பிள்ளைகள் இப்போது பெருகியிருக்கிறார்கள். மூன்று நிமிடம், இருபது நிமிடம் என்று சோதனை ஓட்டி, இத்தனை வாட் (மிதிக்கும் திறனின் அளவு) என்று ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை வைத்துப் பந்தயத்தில் நான் எங்கே நிற்பேன் என்று சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். பெற்றோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இருபது நிமிடச் சோதனையை வைத்து நூறு கிலோமீட்டர் பந்தயத்தின் முடிவைச் சொல்லிவிட முடியுமா?

யார் முன்வரிசையில் இருப்பார், யார் பின்தங்குவார் என்று ஓரளவு சொல்லலாம். யார் முதலில் கோட்டைத் தாண்டுவார் என்று சொல்ல முடியாது.

1992-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹாலி, நோக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், படிப்படியாகச் சுமை கூடும் சோதனையில் ஒருவர் எட்டும் உச்சத் திறனையும், 20 கிலோமீட்டரை அவர் தனியாக ஓட்டி முடிக்கும் நேரத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் இடையிலான தொடர்பு 0.91 என்று வந்தது. ஒன்றுதான் முழுத் தொடர்பு என்பதால் இது மிக நெருக்கமான எண். வாட் கூடினால் நேரம் குறைகிறது. குறுஞ்சோதனைகளை நம்பலாம் என்று சொல்பவர்களுக்கு இது நல்ல ஆதாரம்.

ஆனால் அந்த எண்ணுக்குள்ளே ஒரு விஷயம் இருக்கிறது. வலுவானவர், நடுத்தரமானவர், புதியவர் என்று பலதரப்பட்டவர்களைச் சேர்த்து அளந்தால் எந்தச் சோதனையும் அவர்களை எளிதாக வரிசைப்படுத்திவிடும். ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கும் பத்துப் பேரை மட்டும் எடுத்து அளந்தால் அதே தொடர்பு தளர்ந்துவிடும். மாவட்டப் பந்தயத்தின் இறுதிக் கூட்டத்தில் சேர்ந்து வருபவர்கள் இப்படி ஒரே தரத்தில் இருப்பவர்கள்தான். அவர்களுக்குள் வெல்பவரைச் சோதனை எண் காட்டுவதில்லை. அதோடு, அந்த ஆய்வு தனியாக ஓட்டும் ஓட்டத்தைப் பற்றியது. கூட்டமாக ஓட்டும் பந்தயத்தில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி வருபவர் காற்றின் எதிர்ப்பில் கணிசமான பகுதியை மிச்சப்படுத்திக்கொள்கிறார். அந்தச் சாமர்த்தியத்தை எந்த ஆய்வகமும் அளப்பதில்லை.

எனக்கு வி.ஓ.2 மேக்ஸ் அதிகம் என்கிறார்கள். பிறகு ஏன் பந்தயத்தில் தோற்கிறேன்?

உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதுதான் அந்த எண். அது உச்சவரம்பு. அந்த வரம்பில் எத்தனை சதவீதத்தில் நின்று நீண்ட நேரம் ஓட்ட முடிகிறது என்பது வேறு கணக்கு.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1988-இல் வெளிவந்தது. காயிலும் உடன் ஆய்வாளர்களும் போட்டிகளில் ஓட்டும் 14 வீரர்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் வி.ஓ.2 மேக்ஸ் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதில் 88 சதவீத அளவில் மிதிக்கச் சொல்லி, களைத்து நிறுத்தும் வரை நேரம் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் சராசரியாக 29 நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். இன்னொரு பிரிவினர் சுமார் 61 நிமிடம் தாங்கினார்கள். கடும் உழைப்பில் தசைகளில் உருவாகும் லாக்டேட் ரத்தத்தில் ஏறத் தொடங்கும் எல்லை, முதல் பிரிவினருக்கு உச்சத்தின் 66 சதவீதம் அளவில் இருந்தது. தாங்கியவர்களுக்கு 81 சதவீதத்துக்கு மேல். உச்சம் ஒன்றாக இருந்தும் தாங்கும் நேரம் இரண்டு மடங்கு! தோல்விக்கு உங்கள் நுரையீரலைக் குறை சொல்ல வேண்டாம். அந்த எல்லையை மேலே தள்ளும் நீண்ட, சீரான பயிற்சி குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனையோ சோதனைகள் சொல்கிறார்கள். எதை எதற்கு எடுப்பது?

30 விநாடி முழுமூச்சாக மிதிக்கும் விங்கேட் சோதனை, வெடித்துக் கிளம்பும் வேகத்தை அளக்கிறது. உடல் எடையில் 7.5 சதவீதம் சுமை வைப்பது அதன் பழைய வழக்கம். 60 கிலோ இருப்பவருக்கு நாலரைக் கிலோ. உள்ளரங்க ஓடுதளத்தில் குறுந்தூரம் ஓட்டுபவருக்கு இது பயன்படும். கொடைக்கானல் ஏற வேண்டியவருக்கு இதனால் பெரிய நன்மை இல்லை.

ஒவ்வொரு நிமிடமும் சுமையைக் கூட்டிக்கொண்டே போய், முடியாதபோது நிறுத்தும் ஏறுபடிச் சோதனை எளிதானது. கடைசியாக எட்டிய ஒரு நிமிடச் சிறந்த அளவில் 75 சதவீதத்தை, நீண்ட நேரம் தாங்கும் திறன் என்று கணக்கிடுகிறார்கள். எஃப்.டி.பி. என்று வீரர்கள் சொல்வது இதைத்தான். வேக வெடிப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு கூடுதலாகக் காட்டும். அவர்கள் கடைசி இரண்டு நிமிடங்களைத் தசையின் சேமிப்பை எரித்தே தாண்டிவிடுகிறார்கள்.

இருபது நிமிடச் சோதனையில் சராசரி வாட்டை 0.95-ஆல் பெருக்குகிறார்கள். 200 வந்தால் 190. இதில் பெரும்பாலோர் விட்டுவிடும் ஒரு படி உண்டு. அந்த இருபது நிமிடத்துக்கு முன்பு, ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிக் களைத்து, பிறகு சற்று இளைப்பாறித் தொடங்க வேண்டும் என்பதே மூல முறை. அந்த ஐந்து நிமிடத்தை விழுங்கிவிட்டு 0.95-ஐ மட்டும் வைத்துக்கொண்டால் எண் வீங்கித்தான் வரும்.

மூன்று நிமிட முழுமூச்சுச் சோதனை பற்றிச் சொல்லுங்கள்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. 2007-இல் வன்ஹதாலோ, டவுஸ்ட், பர்ன்லி ஆகியோர் முறைப்படுத்தி வெளியிட்டார்கள். முதல் விநாடியிலிருந்தே சக்தியை மிச்சம் வைக்காமல் மிதிக்க வேண்டும். மணி பார்க்கக்கூடாது, எவ்வளவு நேரம் மீதி என்று யாரும் சொல்லக்கூடாது. கடைசி 30 விநாடிகளின் சராசரியே அந்த வீரரின் நெருக்கடித் திறன். அதற்குக் கீழே இருக்கும்வரை உடல் ஒரு சமநிலையில் ஓடும். அதைத் தாண்டினால் கணக்கு முடியத் தொடங்கும்.

பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். முதல் அரை நிமிடம் கால்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழலும், சைக்கிள் இரண்டு பக்கமும் ஆடும். ஒன்றரை நிமிடத்தில் தோள்கள் தொங்கிவிடும், வாய் திறந்துவிடும், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் விரல் மூட்டுகள் வெளுத்துவிடும். இரண்டரை நிமிடத்துக்குப் பிறகு எவ்வளவு கத்தி உற்சாகப்படுத்தினாலும் வேகம் கூடாது. அது ஒரே இடத்தில் நின்றுவிடும். அங்கே நின்ற அந்த அளவைத்தான் நாம் குறித்துக்கொள்கிறோம். அடக்கி வாசித்து, கடைசியில் எழுந்து மிதிக்கும் கெட்டிக்காரர்களிடம் இந்தச் சோதனை தோற்றுவிடும். ஆகவே அவர்களுக்கு அடுத்த கேள்வியில் வரும் முறைதான் சரி.

ஆய்வகம் போகாமல் நெருக்கடித் திறனைக் கணக்கிட வழி உண்டா?

உண்டு. 1965-இல் மோனோ, ஷெரர் என்ற இருவர் தசை வேலையைப் பற்றி எழுதியதிலிருந்து வந்த கணக்கு இது. எட்டாம் வகுப்புக் கணக்குதான். மிதிக்கும் திறனை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் என்ற கருவி வேண்டும். வெவ்வேறு நாட்களில் 3 நிமிடமும் 12 நிமிடமும் உங்களால் முடிந்த அளவு ஓட்டுங்கள்.

3 நிமிடத்தில் சராசரி 330 வாட், 12 நிமிடத்தில் 270 வாட் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் செய்த வேலை 330 × 180 = 59,400 ஜூல். இரண்டாவதில் 270 × 720 = 1,94,400 ஜூல். வித்தியாசம் 1,35,000. அதைக் கால வித்தியாசமான 540 விநாடியால் வகுத்தால் 250 வாட். இதுவே நெருக்கடித் திறன். முதல் வேலையிலிருந்து 250 × 180 = 45,000-ஐக் கழித்தால் 14,400 ஜூல் மிஞ்சும். அந்த எல்லைக்கு மேலே செலவழிக்க உங்களிடம் இருக்கும் கையிருப்பு அது.

இப்போது பந்தயத்துக்கு வருவோம். ஒரு மேட்டில் எதிராளி 300 வாட்டுக்கு வேகத்தைக் கூட்டுகிறார். உங்கள் எல்லைக்கு மேலே 50 வாட். 14,400-ஐ 50-ஆல் வகுத்தால் 288 விநாடி. அதாவது 4 நிமிடம் 48 விநாடி. மேடு ஆறு நிமிடம் நீளம் என்றால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் வேகத்தில் ஏறி, இறக்கத்தில் பிடிக்கப் பாருங்கள். குறுஞ்சோதனை பந்தயத்தில் உண்மையாக உதவும் இடம் இதுதான். வெற்றி தோல்வியைச் சொல்லாவிட்டாலும், எதைத் துரத்தலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்லும். இந்தக் கணக்கு ஏறக்குறைய 2 முதல் 15 நிமிடம் வரையிலான முயற்சிகளுக்குத்தான் பொருந்தும். அரை மணி நேரத்துக்கு மேல் இதை இழுத்துப் பார்க்க வேண்டாம்.

பவர் மீட்டர் வாங்கப் பல பத்தாயிரம் ஆகிறது. எங்களால் முடியாது.

மலை இருக்கிறது. செங்குத்தாக ஏறும் சாலையில் காற்றின் பங்கு குறைவு. உங்கள் உழைப்பில் பெரும்பகுதி உடலையும் சைக்கிளையும் மேலே தூக்குவதற்கே போகிறது. அந்த வேலையை எளிதாக அளக்கலாம்.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். கீழே ஒரு மைல்கல்லைத் தொடக்கமாகவும், அதிலிருந்து 300 மீட்டர் உயரம் கூடும் ஓரிடத்தை முடிவாகவும் வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தை வரைபடத்தின் உயரக்கோடுகளிலிருந்து எடுங்கள். கைபேசி காட்டும் உயரம் அடிக்கடி தவறும். உங்கள் எடை 60 கிலோ, சைக்கிளும் தண்ணீர்ப் பாட்டிலும் 10 கிலோ. மொத்தம் 70. அதை 9.81-ஆலும் 300-ஆலும் பெருக்கி, எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுக்க வேண்டும். 20 நிமிடம் என்றால் 1,200 விநாடி. விடை 172 வாட். டயர் உராய்வு, செயின், கொஞ்சம் காற்றின் எதிர்ப்பு என்று பத்திலிருந்து பதினைந்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 190 முதல் 200. அடுத்த முறை 19 நிமிடத்தில் ஏறினால், அந்த 172 என்பது 181 ஆகிவிடும். ஒரு நிமிடம் குறைத்தால் ஒன்பது வாட்.

விடிந்த பிறகு கிளம்புங்கள், காட்டுமாடு நடமாடும் மலை அது. எதிரே வரும் வண்டிகளுக்கு வளைவில் வழிவிடுங்கள். இறங்கும்போது நேரம் பார்க்கவே கூடாது.

சமதளச் சாலையில் எடுத்தால் என்ன?

எடுக்கலாம். ஆனால் காற்று உங்களை ஏமாற்றும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக இறங்கும் காற்றில் போகும்போது ஒரு நேரம், திரும்பும்போது ஒரு நேரம் காட்டும். போய்த் திரும்பினாலும் அது முழுதாகச் சரியாகாது. எதிர்க்காற்றில் இழக்கும் நேரத்தைப் பின்காற்று திருப்பிக் கொடுப்பதில்லை.

என் வாட்டும் நண்பனின் வாட்டும் ஒன்றுதான். பரமக்குடிச் சாலையில் அவன் போய்விடுகிறான், போடிமெட்டு ஏற்றத்தில் நான் போய்விடுகிறேன். ஏன்?

நீங்கள் எடை குறைந்தவர், அவர் சைக்கிளில் நன்றாகக் குனிந்து ஒடுங்கி உட்காருபவர் என்று ஊகிக்கிறேன். ஏற்றத்தில் வாட்டை எடையால் வகுக்க வேண்டும். சமதளத்தில் வாட்டைக் காற்றில் முகம் கொடுக்கும் பரப்பால் வகுக்க வேண்டும். காற்றை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். ஆகவே மானாமதுரை, பரமக்குடிப் பக்கம் பந்தயம் என்றால் முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்தப் பழகுவது, நான்கு மாதப் பயிற்சியில் கூடும் வாட்டைவிட அதிகம் தரும்.

வீட்டில் டிரெயினரில் (சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) எடுத்தால் குறைவாக வருகிறது. கருவி தவறா?

வெயிலும் புழுக்கமும்தான் பெரும்பாலும் காரணம். 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் முன்னணிச் சாலை வீரர்களை 23 டிகிரியிலும் 32 டிகிரியிலும் அரைமணி நேரம் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். வெப்பத்தில் சராசரித் திறன் 6.5 சதவீதம் குறைந்தது. 32 டிகிரி நமக்குக் குளிர்ந்த நாள்! கத்திரி வெயிலில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, விசிறி இல்லாமல் எடுத்த எண்ணையும் மார்கழி விடியலில் எடுத்த எண்ணையும் ஒப்பிட்டு மனம் உடைந்துபோகிறவர்கள் பலர். இதயத்துடிப்பும் சேர்ந்து ஏறும். தோலுக்கு ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் தசைக்குப் போவது குறைகிறது.

ஒரே நேரம், ஒரே இடம், ஒரே விசிறி. காலை ஐந்தரை மணிக்கு எடுத்தால் எப்போதும் ஐந்தரைக்கே எடுங்கள். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடிய விடிய விழித்திருந்துவிட்டு மறுநாள் சோதனைக்கு உட்காராதீர்கள். ஆனால் நீங்கள் ஓட்டப்போவது வைகாசி மாதப் பந்தயம் என்றால், வெயிலில் ஓட்டிப் பழகாமல் போகவும் கூடாது. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும்.

போன மாதம் 200 வாட், இந்த மாதம் 204. முன்னேற்றம்தானே?

இன்னும் சொல்ல முடியாது. பவர் மீட்டரின் பிழையே ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் இருக்கும். அதோடு உங்கள் உடல் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். 204-ஐ இன்னொரு முறை காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மருத்துவமனையில் டி.எம்.டி. எடுத்தேன், நன்றாக இருக்கிறது என்றார்கள். அதை வைத்துப் பயிற்சி திட்டமிடலாமா?

அது வேறு நோக்கத்துக்கான சோதனை. ஓடும் பட்டையின் மேல் நடக்கவைத்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சரிவையும் வேகத்தையும் கூட்டி, இதயத்துக்கு ரத்தம் போதுமான அளவு போகிறதா என்று மின் வரைபடத்தில் பார்க்கிறார்கள். முழுமூச்சுச் சோதனைக்கு முன்பு அதை எடுத்துக்கொள்வது நல்லதுதான், முக்கியமாக முப்பத்தைந்து வயதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. உங்கள் பந்தயத் திறனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

யார் இந்தச் சோதனைகளை எடுக்கவே கூடாது?

உழைக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், காரணமில்லாத படபடப்பு வந்தவர்கள். குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென்று இறந்திருந்தால் அவர்கள். இவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகுதான். டெங்கு, வைரஸ் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களும் முழுதாகத் தேறும்வரை கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

என் மகன் அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். சோதனை எடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். அந்தப் போட்டிகள் 13, 15, 17 வயதுக்கு உட்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கானவை; 10 முதல் 20 கிலோமீட்டர் தூரம், சாதாரண சைக்கிள். தொடக்கக் கோட்டில் போய் நின்று பாருங்கள். வளர்ந்துவிட்ட ஒரு பையன், இரண்டு வருடத்துக்கு முன்பு இறக்கிவைத்த சீட்டிலேயே உட்கார்ந்திருப்பான். மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டில்பாரைத் தொடும். பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும். செயின் துருவேறிக் கத்தும். அவனுக்கு என்ன வி.ஓ.2 மேக்ஸ் இருந்து என்ன? சீட்டை உயர்த்துங்கள்: பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். காற்று அடையுங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். செலவில்லாத இந்த மூன்றும் அவனை முன்வரிசைக்குக் கொண்டுவரக்கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினான்கு வயதில் ஒரு பிள்ளை மீசை முளைத்து ஆளாகியிருப்பான், பக்கத்திலிருப்பவன் இன்னும் குழந்தையாகவே இருப்பான். இருவரையும் ஒரே சோதனையில் அளந்து, ஒருவனைத் தேர்ந்தெடுத்து மற்றவனை வீட்டுக்கு அனுப்புவது அநியாயம். அந்தச் சோதனை அளந்தது திறமையை அல்ல, வயதுக்கு வந்த வேகத்தை. அனுப்பப்பட்டவன் மூன்று வருடம் கழித்து எப்படி ஓட்டுவான் என்று யாரும் பார்க்கப்போவதில்லை. சைக்கிளை அவன் அதற்குள் விட்டுவிட்டிருப்பான்.

சோதனையில் நான்தான் முதல். பந்தயத்தின் கடைசி அரைமணியில் கால் வருவதில்லை.

புதிய கால்களோடு எடுத்த எண் உங்களுடையது. பந்தயத்தை முடிவு செய்வதோ களைத்த கால்கள். தொழில்முறை வீரர்களைப் பற்றி அண்மை ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன: தொடக்கத்தில் எல்லோருடைய வாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, மூன்று மணி நேரம் கழித்து மேல்தட்டினருக்கு அது கொஞ்சமே குறைகிறது, மற்றவர்களுக்கு அதிகம் குறைகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு நாள் ஐந்து நிமிடச் சோதனையைப் புதிதாக எடுங்கள். இன்னொரு நாள் நடுத்தர வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு அதே ஐந்து நிமிடத்தை எடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டத்தைக் கூட்டுங்கள், வழியில் சாப்பிடவும் பழகுங்கள். வெறும் தண்ணீரோடு மூன்று மணி நேரம் போகிறவர்களை நான் நிறையவே பார்க்கிறேன். அவர்களுக்குக் குறைவது பயிற்சி அல்ல, வாழைப்பழம்.

களைக்காமல் எடுக்கும் சோதனை உண்டா?

லாம்பர்ட்ஸ் என்ற ஆய்வாளர் வகுத்த ஒன்று உண்டு. உச்ச இதயத்துடிப்பில் 60 சதவீதத்தில் 6 நிமிடம், 80 சதவீதத்தில் 6 நிமிடம், 90 சதவீதத்தில் 3 நிமிடம். பிறகு மிதிப்பதை நிறுத்தி அசையாமல் 90 விநாடி உட்கார வேண்டும். ஒவ்வொரு படியிலும் எத்தனை வாட் வந்தது, எவ்வளவு கடினமாகத் தோன்றியது, கடைசியில் துடிப்பு எவ்வளவு வேகமாக இறங்கியது என்று எழுதிவையுங்கள். வாரந்தோறும் பயிற்சிக்கு முன்பு உடலைச் சூடேற்றும் ஓட்டமாகவே இதைச் செய்துவிடலாம். அதே துடிப்பில் வாட் கூடிவந்து உடலும் லேசாக இருந்தால் நல்ல செய்தி. 90 சதவீதத்துக்குத் துடிப்பு ஏறவே மறுத்து, கால்கள் கனத்தால் களைப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த வாரம் கடினப் பயிற்சியை நிறுத்துங்கள்.

முழுமூச்சுச் சோதனையை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம்?

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். பந்தயத்துக்கு முந்தைய வாரம் வேண்டாம். எண்ணோடு சேர்த்து தேதி, நேரம், வெப்பநிலை, காற்று, என்ன சாப்பிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள், டயரில் எவ்வளவு காற்று என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நோட்டு இல்லாமல் எண்ணை மட்டும் கொண்டுவருபவர்களிடம் முதலில் அதைத்தான் கேட்பேன்.